ஒரே ஒரு பாட்டு ஹிட். ராயல்டி ஒரு ரூபாய்கூட வரவில்லை

கேள்வி: 2017-இல் சினிமாவுக்கு வெளியே ஒரு தனிப்பாடல் பாடினேன். மெட்டும் என்னுடையது, வரிகள் தோழி எழுதியவை. இசை நிறுவனம் ஒன்று மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, ‘எல்லா உரிமையும் நிரந்தரமாக எங்களுக்கே’ என்று எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கியது. பாட்டு பெரிய ஹிட். அதற்குப் பிறகு நான் பாடிய எதுவும் எடுபடவில்லை. நிறுவனத்துடனான 5 வருட ஒப்பந்தம் 2022-இல் முடிந்துவிட்டது. இப்போது வேறு நிறுவனத்துக்குப் பாடப் போனால், ‘எங்களிடம் முதலில் கேட்காமல் பாடக் கூடாது, அந்தப் பாட்டை மேடையிலும் பாடக் கூடாது’ என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். ராயல்டி வந்ததே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், நோட்டீஸைப் பார்த்துப் பதறி நீங்களே நிறுவனத்துக்கு போன் போட்டுச் சமாதானம் பேச வேண்டாம். பேச்சோடு பேச்சாக இன்னொரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

உங்கள் விஷயத்தில் பெரியது ராயல்டிதான். பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2012 ஜூன் 21 முதல் அமலில் இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டது அதற்குப் பிறகு, நல்லவேளை. இன்றைய 18-ஆவது பிரிவின்படி, மெட்டின் உரிமையையே எழுதிக் கொடுத்திருந்தாலும், அது பயன்படும்போதெல்லாம் வரும் ராயல்டியில் சரிபாதி பெறும் உரிமையை விற்கவும் முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. வாரிசுகளுக்கோ, வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் மாற்றலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அந்த வரி செல்லாது. ‘மொத்தமாக வாங்கிக்கொண்டீர்களே’ என்பார்கள். அது உரிமையை எழுதிக் கொடுத்ததற்கான விலை. ராயல்டிக்கு ஈடு இல்லை. தோழிக்கும் அவர் வரிகளுக்கு இதே உரிமை உண்டு, அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்டுக்கும் வரிகளுக்கும் ஐபிஆர்எஸ், பாடியதற்கு இஸாம்ரா என்று தனித்தனி சங்கங்கள் இருக்கின்றன. இன்னும் உறுப்பினர் ஆகவில்லை என்றால் உடனே விண்ணப்பியுங்கள்.

மேடை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒலிப்பதிவு, அதைத் தயாரித்த நிறுவனத்துக்குச் சொந்தம். அந்தப் பதிவிலிருந்து குரலை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் டிராக்கை ஓடவிட்டுப் பாடினால் அவர்கள் கேள்வி கேட்கலாம். குழுவை வைத்து நேரடியாக வாசித்துப் பாடும்போது ஒலிப்பதிவு உரிமை குறுக்கே வராது. ஆனால் மெட்டும் வரிகளும் எழுதிக் கொடுத்தாகிவிட்டதே! ஆகவே நிகழ்ச்சிக்கு உரிமம் வேண்டும். அதை எடுப்பது வழக்கமாக நிகழ்ச்சி அமைப்பாளரின் வேலை. அந்த உரிமத்தில் உங்கள் பாட்டு அடங்குகிறதா என்று பார்த்து, நகலை மேடை ஏறுவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பாட்டுக்கே உரிமமா என்று எரிச்சல் வரத்தான் செய்யும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அதைத்தான்.

‘எங்களிடம் முதலில் கேட்க வேண்டும்’ என்பது வெறும் மிரட்டல். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது அப்படிக் கட்டுப்படுத்தலாம். முடிந்த பிறகு ஒருவருடைய தொழிலைத் தடுக்கும் நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், இதே மாதிரி ‘முதலில் எங்களுக்கு’ என்ற நிபந்தனையை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. புது நிறுவனத்துக்குத் தாராளமாகப் பாடுங்கள். இந்தத் தடவை ஒப்பந்தத்தில் காலம், எந்தெந்த நாடுகள், எந்தெந்த ஊடகங்கள், ராயல்டி எவ்வளவு என்பதெல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, நோட்டீஸ். சொன்ன கெடுவுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். அதிலேயே ஒப்பந்த நகலையும், ஸ்ட்ரீமிங், காலர் டியூன், விளம்பரம், ரீல்ஸ் என்று தனித்தனியாக வருமானக் கணக்கையும் கேளுங்கள். பணம் கோரும் வழக்குகளுக்குப் பொதுவாக 3 வருடக் காலவரம்பு உண்டு. தள்ளிப்போடப் போட, பழைய வருடங்களின் பாக்கி கைநழுவிவிடும். தொகை 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாவிட்டால் வழக்கு வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசரத் தடை எதுவும் கேட்கவில்லை என்றால் அங்கே முதலில் சமரசப் பேச்சு கட்டாயம். பல நிறுவனங்கள் கணக்கை வெளியே காட்ட விரும்பாமல் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும்.