ஒட்டிய ஜாடியில் ஊறுகாய் போடலாமா?

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகி: எங்க அம்மிச்சி வெச்சிருந்த ஊறுகாய் ஜாடிங்க அக்கா, மேலே காப்பிக் கலர், கீழே வெள்ளை. கழுவும்போது கை வழுக்கி மூணு துண்டாப் போச்சு. ஒட்டி மறுபடியும் நார்த்தங்காய் போட்டு வைக்கலாமுங்களா?

ஒட்டலாம் கண்ணு, நார்த்தங்காய் மட்டும் போட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுவதுதான் நல்லது, ஏனென்றால் ஒட்டி முடித்து, கோடே தெரியாமல் வந்துவிட்டால் ஆசை வந்துவிடும். பீங்கானை ஒட்டுவதற்கு நல்லது எபாக்சி. ஹார்டுவேர் கடையில் அரால்டைட் என்று கேட்டால் இரண்டு குழாயாகத் தருவார்கள். காய்ந்தால் கல் மாதிரி இருக்கும், ஆனால் அது சாப்பாட்டுப் பாத்திரத்துக்கென்று செய்த பொருள் இல்லை. ஜாடியின் மேலே இருக்கிற கண்ணாடிப் பூச்சுதான் இத்தனை வருஷமாக உப்பையும் புளிப்பையும் தாங்கியது. உடைந்த இடத்தில் அந்தப் பூச்சு இல்லை. மாதக்கணக்கில் உப்பும் எண்ணெயும் அந்தக் கோட்டில் ஊறிக்கொண்டே இருந்தால் ஒட்டும் விட்டுப்போகும், அந்த இடுக்கில் அழுக்கும் தங்கும்.

சரி, ஒட்டுகிற வேலைக்கு வருவோம். ஊறுகாய் ஜாடியில் பெரிய தொந்தரவு எண்ணெய். உடைந்த விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், பிசுக்கென்று இருக்கும். அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து இரண்டு மூன்று நாள் ஊற வையுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் விளிம்பை மட்டும் தேய்த்து, நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வைத்து, ஒட்டுவதற்கு முன்னால் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு ஒரு தடவை துடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு விளிம்பில் கை படக்கூடாது, கையில் இருக்கிற எண்ணெய்ப் பசையே போதும் ஒட்டைக் கெடுக்க.

பசை போடுவதற்கு முன் மூன்று துண்டையும் சும்மா சேர்த்துப் பாருங்கள், எது முதலில், எது கடைசியில் என்று. இதைப் பார்க்காமல் அவசரப்பட்டு ஒரு தட்டை ஒட்டினேன். கடைசித் துண்டு உள்ளே நுழைய ஒரு நூல் இடம் பற்றவில்லை, மொத்தத்தையும் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. அப்புறம், இரண்டு குழாயிலிருந்தும் ஒரே அளவு பிதுக்கி, பழைய கார்டு ஒன்றின்மேல் இரண்டு நிமிஷம் நன்றாகக் குழையுங்கள், நிறம் ஒன்றாகிற வரைக்கும். விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் மெல்லிசாகத் தடவினால் போதும். நிறையப் போட்டால் உறுதி கூடாது, துண்டுகளுக்கு நடுவே இடைவெளிதான் கூடும். சேர்த்து அழுத்தி, குறுக்கே மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு சட்டி மணலில் ஜாடியைப் புதைத்த மாதிரி நிறுத்துங்கள், ஒட்டு மேலே பார்த்து இருக்கட்டும். மணல் பிடித்துக்கொள்வது போல நம் கை பிடிக்காது. பிதுங்கி வந்த பசை ரப்பர் பதத்துக்கு வந்ததும் பிளேடால் சீவி எடுத்துவிடுங்கள், கல்லாகிவிட்டால் சுரண்டும்போது பூச்சும் சேர்ந்து கீறும். ஒரு முழு நாள் அசைக்காதீர்கள். மார்கழிக் குளிரில் என்றால் இரண்டு நாள் விட்டுவிடுங்கள், குளிரில் எபாக்சி மெதுவாகத்தான் இறுகும்.

ஆனால் உடைந்தது மூடியின் குமிழ் மட்டும்தான் என்றால் கதை வேறு. குமிழ் மூடிக்கு வெளியே இருக்கிறது, ஊறுகாய் அதைத் தொடாது, தாராளமாக ஒட்டி அந்த ஜாடியை முன்போலவே புழங்கலாம். உங்களுடையது உடம்பே உடைந்த ஜாடி, கரண்டியோ பின்னல் ஊசியோ போட்டு அம்மிச்சி நினைவாகக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்: காப்பிக் கப்பின் பிடி மூணு தடவை விட்டுப்போச்சுங்க. ஃபெவிக்விக்தான் போடறேன். வேற என்ன போடலாம்?

எதையும் போட வேண்டாம். ஃபெவிக்விக் சட்டென்று பிடிக்கும், ஆனால் இறுகினால் நொறுங்குகிற குணம் அதற்கு, சூடும் தண்ணீரும் மாறி மாறிப் பட்டால் தளர்ந்துவிடும். எபாக்சி இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், அதுவும் சூட்டில் இளகுகிற சாதிதான். கொதிக்கிற காப்பியோடு பிடி கையில் கழன்று வந்தால் தொடையில் கொட்டும், வீட்டில் குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம். பேனா போட்டு வையுங்கள். செடி வைக்க ஆசையென்றால் அடியில் ஓட்டை போட வைர முனை பிட் வேண்டும், டிரில்லிங் மெஷினைச் சுத்தியல் மாதிரி இடிக்கிற நிலையில் (ஹாமர் மோடு) வைக்காமல் மெதுவாக ஓட்டி, நடுவே நடுவே தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி: பாப்பா வெள்ளைக் கப்பில் அழகாகப் பூ வரைந்தாள். முதல் கழுவலிலேயே தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. அவள் அழுததைப் பார்க்க முடியவில்லை. எங்கே தப்பு?

பாப்பா மேல் தப்பே இல்லை. காகிதத்துக்கும் துணிக்கும் போடுகிற அக்ரிலிக்காக இருந்திருக்கும். கப்பின் மேற்பரப்பு கண்ணாடி, வண்ணம் உள்ளே இறங்க வழியே இல்லை, மேலே ஒரு படலமாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். கடையில் வாங்குகிற கப்பில் இருக்கிற பூ சூளையில் 700, 800 டிகிரியில் சுட்டு அந்தக் கண்ணாடியோடு கலந்தது, அதனால்தான் தேய்த்தாலும் போவதில்லை. அந்தச் சூடு வீட்டில் வராது.

வீட்டில் செய்வதற்குப் பீங்கானுக்கென்றே வருகிற வண்ணம் இருக்கிறது. பெபியோ போர்சலைன் 150 என்று ஒன்று, பேரிலேயே சூடு இருக்கிறது பாருங்கள்: வரைந்து ஒரு நாள் காய வைத்து, ஓடிஜி அடுப்பில் 150 டிகிரியில் 35 நிமிஷம். கப்பை அடுப்பு குளிர்ந்திருக்கும்போதே உள்ளே வைக்க வேண்டும், 150 வந்த பிறகுதான் நிமிஷத்தை எண்ண வேண்டும், அணைத்த பிறகும் அப்படியே உள்ளேயே ஆறட்டும். சூட்டோடு வெளியே எடுத்தால் கப்பே விரிசல் விடும். வேறு கம்பெனி வண்ணம் என்றால் பாட்டிலில் போட்டிருக்கிற கணக்கைப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு. மைக்ரோவேவ் இதற்கு உதவாது. பசை போட்டு ஒட்டிய சாமானை இப்படிச் சுடவும் கூடாது.

வரைவதற்கு முன் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். வாய் படுகிற விளிம்பிலிருந்து இரண்டு விரல் கடை விட்டுத்தான் வண்ணம் தொடங்க வேண்டும், உட்புறம் கூடவே கூடாது. ஆடி மாதத்தில் திண்ணையில் உட்கார்ந்து வரையாதீர்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் ஊர்ப் புழுதியையெல்லாம் ஈர வண்ணத்தில் கொண்டுவந்து ஒட்டிவிடும். பாப்பாவை இன்னொரு கப்பில் வரையச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்: கொலுவில் வைக்கும் மண் குதிரைக்குக் காது உடைந்து தொலைந்தும் போய்விட்டது.

இருக்கிற காதைப் பார்த்து எம்-சீலில் புதுக் காது பிடித்துவிடுங்கள். இரண்டு கட்டியையும் சமமாகப் பிசைந்து, விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வழித்தால் வழுவழுப்பாக வரும். இறுகியதும் உப்புத்தாளில் தேய்த்து, அக்ரிலிக் பூசலாம். சுட்ட மண் வண்ணத்தை உறிஞ்சும், அதனால் இங்கே அக்ரிலிக்கே நன்றாக நிற்கும். தேய்க்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகி: உடைந்த கிண்ணத்தைத் தங்கக் கோடு போட்டு ஒட்டுகிறார்களே, அதில் சாப்பிடலாமா?

அது ஜப்பான்காரர்களின் கின்சுகி. அவர்கள் உருஷி என்கிற மரப்பாலால் ஒட்டி, மேலே தங்கப்பொடி தூவுவார்கள், வாரக்கணக்கில் ஆகிற வேலை. வீட்டில் செய்து பார்ப்பதற்கென்று விற்கிற பெட்டிகளில் பெரும்பாலும் எபாக்சியும் மினுமினுப்புப் பொடியும்தான் இருக்கும், ஆகவே காங்கேயத்து ஜாடிக்குச் சொன்னதே இதற்கும். அலமாரியில் வைக்க அழகாக இருக்கும். கோடு மெல்லிசாக வர 0 நம்பர் பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள்.