கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘ஆர்’: அம்மாவுக்கு இனி மருந்தே இல்லையா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை நோய் உண்டு. சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ஈ.கோலை என்ற கிருமி, எர்டாபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு ‘ஆர்’. ‘போரின் (porin) இழந்த சூப்பர்பக்’ என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. நைட்ரோஃபுரண்டாயின் மாத்திரையில் எரிச்சல் குறைந்திருக்கிறது. வீட்டில் மீதமிருக்கும் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் கொடுக்கலாமா? அம்மா பேரனைத் தூக்கலாமா?

பதில்: செஃபிக்ஸிம் வேண்டவே வேண்டாம். மருந்து இல்லாமல் போய்விடவும் இல்லை. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் நைட்ரோஃபுரண்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், மெரோபெனம் மூன்றுக்கும் ‘எஸ்’, அதாவது கிருமி அடங்கும் என்று இருக்கிறதே, அந்த வரிகளை ஏன் படிக்கவில்லை?

ஈ.கோலையின் வெளிச்சவ்வில் குழாய் போன்ற புரதங்கள் மும்மூன்றாகப் பதிந்திருக்கும். அவைதான் போரின். வாய் அகலம் சுமார் ஒரு நானோமீட்டர். கிருமிக்குச் சாப்பாடு போவதும் அதன் வழியாகத்தான், எர்டாபெனம் போவதும் அதன் வழியாகத்தான். சில கிருமிகள் ஓம்ப்-எஃப், ஓம்ப்-சி என்ற இந்தக் குழாய்களைக் குறைத்துக்கொள்ளும். அப்போது மருந்து சொட்டுச் சொட்டாகத்தான் நுழையும், நுழைந்ததையும் கிருமியின் நொதி உடைத்துவிடும். உங்கள் அம்மாவுக்கு வந்தது அப்படிப்பட்டதுதானா என்பது சாதாரண கல்ச்சரில் தெரியாது. இணையத்துக்கு எப்படித் தெரிந்தது? தவிர, ‘ஆர்’ என்றால் அந்த மருந்துக்கு அடங்காது, அவ்வளவுதான். கிருமிக்கு வீரியம் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. தேவையில்லாமல் செஃபிக்ஸிம் கொடுத்தால் அடங்கும் கிருமிகள் சாகும், அடங்காதவை பெருகும்.

நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது நடுக்கம். இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டுகிற மாதிரி குளிர்காய்ச்சல் வந்தால், அல்லது விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலித்தால், தொற்று சிறுநீரகத்துக்கோ ரத்தத்துக்கோ ஏறியிருக்கலாம். நைட்ரோஃபுரண்டாயின் சிறுநீர்ப்பையில்தான் வேலை செய்யும், அங்கே எட்டாது. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் கிளம்புங்கள், இந்த ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊசி போடுவது என்று அங்கே உடனே முடிவெடுக்க அது உதவும். வயதானவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே வராது. பேச்சு குழறுவது, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் அசந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இவையும் அதே அவசரம்தான்.

பேரனைத் தாராளமாகத் தூக்கலாம், கழிவறை போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். எரிச்சல் முழுதும் போனபின் ‘கிருமி போயிற்றா’ என்று மறுபடி கல்ச்சர் எடுக்காதீர்கள். தொந்தரவே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருந்தால், சர்க்கரை நோயாளிக்கும் பொதுவாக மருந்து தேவையில்லை. அப்புறம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தார்களா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகம் ரொம்பத் தளர்ந்திருந்தால் நைட்ரோஃபுரண்டாயின் சரிப்படாது.