பையன் டீக்கன் ஆகணும்னு சொன்னா பயப்படணுமா?

கோபிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா அழாத குறையாகப் பேசினார். பையன் பிளஸ் டூவில் நல்ல மார்க். திருப்பூர் மாமா கோவையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். பையனோ கிறிஸ்தவ சபையில் டீக்கன் ஆகணும் என்கிறான். டீக்கன் என்றால் ஆயருக்கு, அதாவது சபைப் போதகருக்கு, அடுத்த படியில் நின்று ஊழியம் செய்பவர். அவருக்கு எழுதிய பதில் இது.

அக்கா, பையன் கெட்டுப் போகலைங்க, முதல்ல அந்தப் பயத்தை விடுங்க. ஆறுதல் அவ்வளவுதான், இனிமேல் கறாராகவே சொல்கிறேன். அந்த சீட்டுக்காக மஞ்சக்காட்டை அடமானம் வைக்காதீங்க. மனசே இல்லாத படிப்புக்கு நாலு வருஷம் கடன் வாங்கினால் அரியர் அவன் தலையில், வட்டி உங்க தலையில். மாமா வந்து கட்டப் போவதில்லை.

இன்ஜினியரிங், நீட் பற்றிச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கு, அதை விடுங்க. "டீக்கன்னா ஆயருக்கு எடுபிடிதானே"ன்னு உங்க கொழுந்தனார் கேட்டாராம். பைபிளில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை அவரையே எடுத்து வாசிக்கச் சொல்லுங்க. எருசலேம் சபையில் தினசரிப் பந்தியில் கிரேக்கம் பேசும் விதவைகள் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு வந்தது, உடனே நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஸ்தேவான் அதில் ஒருவர். டீக்கன் ஊழியத்தின் தொடக்கமாகச் சபை காலங்காலமாகச் சொல்லி வருவது இதைத்தான். யாருக்குச் சோறு போய்ச் சேரவில்லை என்று கண்டுபிடிக்கிற வேலை அது.

உங்க பையன் அறுப்பின் பண்டிகையில் (விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுகிற சபை விழா) என்ன செய்தான்னு நீங்களே சொன்னீங்க. தேங்காயும் கோழியும் ஏலம் போய்க்கொண்டிருக்க, இவன் கணக்கு நோட்டோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறான். முடிந்ததும் ஒரு சீப்புப் பழமும் அரிசியும் எடுத்துக்கொண்டு படுத்த படுக்கையாக இருக்கிற ஒரு பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறான். அந்தப் பாட்டி சில வாரமாக ஆலயத்துக்கு வரலைங்கறதையே அவன்தான் முதலில் கவனித்தானாம். இது சொல்லிக்கொடுத்து வருகிற குணம் இல்லீங்க.

சரி, வழி என்ன? நீங்க சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. அங்கே சேகரத்தின் (ஓர் ஆயருக்குக் கீழ் வரும் உள்ளூர் சபைகளின்) பரிந்துரை வேண்டும், திருமண்டலம் (பிஷப்புக்குக் கீழ் வரும் வட்டாரம்) தேர்ந்தெடுக்க வேண்டும், பி.டி. என்கிற இறையியல் பட்டம் வேண்டும். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கு. பிளஸ் டூ முடித்தவனுக்கு 5 வருஷம், பட்டதாரிக்கு 4. படித்து முடித்தபின் பேராயர் (பிஷப்) முதலில் டீக்கனாக அபிஷேகம் செய்வார், ஆயர் பட்டம் அதற்கப்புறம். டீக்கன் பிரசங்கம் செய்யலாம், திருவிருந்தில் (அப்பமும் ரசமும் பகிர்கிற ஆராதனையில்) ஆயருக்குத் துணை நிற்கலாம். திருவிருந்தை நடத்துவது ஆயர்தான். அதனால் பலர் டீக்கன் காலத்தை ஆயர் அங்கிக்குக் காத்திருக்கிற காலமாகவே கழித்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி வார்டும் விதவைகள் வீடும் கற்றுக்கொள்ள வேண்டிய நேரம் அதுதான், எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு.

ஆனா பையனை இப்பவே அரசரடிக்கு அனுப்பாதீங்க. முதலில் சமூகப்பணிப் பட்டம், 3 வருஷம். அரசு உதவிபெறும் பிரிவில் இடம் கிடைத்தால் செலவும் கையைக் கடிக்காது. குடிநோயாளி வீடு, முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி என்று களப்பணிக்கே அனுப்புவார்கள். மூணு வருஷத்துக்கு அப்புறமும் அதே ஆசை இருந்தால் அழைப்பு உண்மை. இது என் சொந்த யோசனை மட்டுமில்லை, டீக்கன்களை முதலில் சோதித்துப் பார்த்துத்தான் ஊழியத்தில் வைக்கணும்னு 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரமே சொல்லுது. ஆசை மாறினாலும் நஷ்டமில்லை, மேலே எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தால் மருத்துவமனை, தொண்டு நிறுவனம், மில்லில் தொழிலாளர் நலப் பிரிவு என்று வேலை இருக்கு.

சம்பளம் குறைவுதான், மறைக்க மாட்டேன். ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டு அவனை வருஷா வருஷம் குத்திக் காட்டுவதாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். இன்னொன்று, திருமண்டலம் அனுப்பினால் படிப்புச் செலவில் எவ்வளவு ஏற்கும் என்பதை எழுத்தில் கேளுங்க. இடம் வாங்கித் தருகிறேன் என்று யார் காசு கேட்டாலும் ஒரு பைசா தராதீங்க.

கடைசியா, சீட் வேண்டாம்னு மாமாவுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிப்போடுங்க. பையனைச் சொல்ல வைக்காதீங்க.