பிரசவத்துக்கு முன்னும் பின்னும் மனசு: கேள்வி பதில்

நான் மனநல மருத்துவர். கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்ற தாய்மாரையும்தான் அதிகம் பார்க்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். மருந்தின் அளவை மட்டும் கேட்காதீர்கள், ஆளைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

கேள்வி: டாக்டர், மனைவிக்குக் குழந்தை பிறந்து ஆறு நாள். காரணமே இல்லாமல் அழுகிறாள், அஞ்சு நிமிஷத்தில் சிரிக்கிறாள். மாத்திரை வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மூணாம் நாள், நாலாம் நாள் வாக்கில் நிறைய தாய்மாருக்கு இப்படி வரும், ஹார்மோன் சட்டென்று இறங்குவதும் தூக்கம் கெடுவதும் சேர்ந்த வேலை, இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். ராத்திரியில் குழந்தையை நீங்கள் தூக்கிக்கொண்டு அவரை நாலு மணி நேரமாவது ஒரே மூச்சில் தூங்கவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, குழந்தை தூங்கும்போதுகூட அவருக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கேள்வி: அக்காவுக்குப் பிரசவமாகிப் பத்து நாள். மூணு ராத்திரியாகத் தூங்கவே இல்லை, நடந்துகொண்டே இருக்கிறாள், "இது என் பிள்ளை இல்லை, மாத்திட்டாங்க" என்கிறாள். வெள்ளிக்கிழமை மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்கிறார் அம்மா. அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்காதீர்கள் தம்பி, இதைப் படித்ததும் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. மனநலப் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் அவசர சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். நீங்கள் சொல்வது பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு போலத் தெரிகிறது. ஆயிரம் பிரசவத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில், அதுவும் திடீரென்று. காலையில் தெளிவாகப் பேசுவார், சாயங்காலம் ஆளே மாறியிருப்பார். அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் வீட்டில் "சரியாயிடுச்சு" என்று ஏமாந்துபோகிறார்கள். குழந்தையையும் கூட்டிப்போங்கள், ஆனால் அக்காவிடம் தனியாக விடாதீர்கள், அக்காவையும் தனியாக விடாதீர்கள்.

காய்ச்சல், கடுமையான தலைவலி, வலிப்பு ஏதாவது வந்ததா என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கிருமித்தொற்றும், மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவதும் இதே மாதிரி தோற்றம் காட்டும். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாது என்று நாக்கை நனைக்கிற அளவுக்கே கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் உறைவதற்கு அதுவும் ஒரு வழி, பத்தியம் என்ற பெயரில் இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மந்திரிப்பதை அம்மா மனசுக்காக அப்புறம் செய்துகொள்ளட்டும். இது சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கிற நோய். அடுத்த பிரசவத்தில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், ஆகவே அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும்போதே மனநல மருத்துவரையும் பார்த்துத் திட்டம் போட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மேடம், மனச்சோர்வுக்கு செர்ட்ரலின் சாப்பிடுகிறேன். இப்போது ஆறு வாரக் கர்ப்பம். எல்லாரும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள்.

பதில்: எல்லாரும் என்றால் யார், எழுதிக்கொடுத்த மருத்துவரா, பக்கத்து வீட்டுக்காரரா? நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பழைய நோய் திரும்பலாம், சாப்பிடாமல் தூங்காமல் கிடக்கும் தாயின் வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் அது நல்லதில்லை. செர்ட்ரலின் கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் நிறையப் பேருக்குத் தரப்படுகிற மருந்து, பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். ஆனால் எல்லா மனநல மாத்திரையும் இப்படி இல்லை. வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கும் தரும் சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர்கள் இன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அது சிசுவின் தண்டுவடத்தையும் பிற்பாடு அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும், பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு அதை யோசிக்காமல் எழுதுவதே தப்பு. அதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

கேள்வி: அக்கா, யாரிடமும் சொன்னதில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது தண்ணீரில் அமுக்கிவிடுவேனோ என்று ஒரு நினைப்பு வருகிறது. கத்தியையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். நான் கெட்டவளா?

பதில்: இல்லை அம்மா. அந்த நினைப்பைப் பார்த்து நீங்களே நடுங்குகிறீர்கள், கத்தியைப் பூட்டுகிறீர்கள் பாருங்கள், இது பெரும்பாலும் எண்ணச் சுழற்சி நோயில் வருவது. வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து குத்தும், அதைச் செய்ய ஆசை இருக்காது. பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் இருக்கின்றன, இந்த வாரமே காட்டுங்கள். பிள்ளையைக் கொல்லச் சொல்லிக் குரல் கேட்கிறது, அதுதான் சரி என்று தோன்றுகிறது என்றால் கதை வேறு, அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கேள்வி: தாயை மனநல மருத்துவமனையில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களா?

பதில்: இந்த ஒரு பயத்தால்தான் பாதிப் பேர் வருவதே இல்லை. 2017 மனநலச் சட்டப்படி, சிகிச்சைக்குச் சேர்ந்த தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. தாயால் பிள்ளைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கும் தனிப் பிரிவே இருக்கிறது. மருந்து கொடுப்பதோடு, குழந்தை அழுதால் எப்படித் தூக்குகிறார், கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா என்பதையெல்லாம் அங்கே பார்த்து உதவுவார்கள். நம் ஊர்களில் அப்படிப்பட்ட இடம் மிகக் குறைவு, அது உண்மை.

கேள்வி: கிராமச் செவிலியர் நான். பிள்ளை பெற்றவர்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பரோ கேள்வித்தாளைத் தமிழில் கேட்கிறேன். எல்லாரும் "நல்லா இருக்கேன்" என்கிறார்கள்.

பதில்: பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தாரா? எடை பார்க்க, தையல் பார்க்க என்று ஏதாவது சொல்லித் தனியாக உள்ளே அழைத்துப்போய்க் கேளுங்கள். பத்துக் கேள்வியும் கடந்த ஏழு நாளைப் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் பத்தாவது கேள்விக்கு, அதாவது தன்னைத்தானே வதைத்துக்கொள்ளும் எண்ணத்துக்கு, "ஆமாம்" வந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். பிறந்தது பெண்ணா, கணவர் அடிக்கிறாரா என்பதையும் கேளுங்கள். கோவாவில் தாய்மாரிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில் வறுமையும் இவை இரண்டும் தாயின் மனச்சோர்வோடு சேர்ந்து வந்தன.

கேள்வி: நான் மாமியார்தான். மருமகளுக்கு மனச்சோர்வு என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: கேட்டதே நல்லதும்மா. ராத்திரி ஒரு வேளை பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பாடு, மாத்திரையை ஒளிக்காமல் எடுத்துக்கொடுங்கள். "நாங்கெல்லாம் அஞ்சு பெத்தோம்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். வீட்டிலிருந்தே பேச வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ், 14416, தமிழிலும் பேசுவார்கள், காசு இல்லை. அவர் தயங்கினால் நீங்களே முதலில் கூப்பிட்டுக் கேட்கலாம்.