“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

மகனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தும், விடுதியில் சீனியர்கள் என்ன செய்வார்களோ என்று தூக்கம் வராமல் தவிக்கிறீர்கள். வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங் கொடுமையில் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டதைச் செய்தித்தாளில் படித்துப் பதறியவர்கள் நாம். அதன் பிறகே 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறை, கல்லூரியை விட்டும் நீக்கம்.

சட்டம் இருந்தாலும், முதல் மாதத்தில் பையன் வாய் திறப்பானா என்பதுதான் என் கவலை. ராகிங் பெரும்பாலும் அடிதடியில் தொடங்குவதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ரூமுக்குக் கூப்பிட்டு “இன்ட்ரோ கொடு” என்பார்கள். சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அப்புறம் ரெக்கார்டு நோட்டு எழுதித் தரணும், வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னதைக் கேட்கணும். அன்றைக்கே வீட்டுக்குப் போன் செய்யும் பிள்ளையிடம் “எல்லாரும் படுறதுதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை அவன் சொல்லவே மாட்டான். முழுசாகக் கேளுங்கள். “நீ சொன்னது நல்லது, இப்போ என்ன செய்யணும்னு சொல்லு” என்று அவனிடமே கேளுங்கள்.

சேர்க்கும் நாளன்றே வார்டன் எண்ணையும், ராகிங் தடுப்புக் குழுவில் இருக்கும் ஆசிரியர் ஒருவரின் எண்ணையும் வாங்கி இருவர் போனிலும் பதிந்துகொள்ளுங்கள். முதலாண்டு மாணவர்களுக்குத் தனி பிளாக் உண்டா, இரவில் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பதால் பையனுக்குக் கெட்ட பெயர் வராது.

ஏதாவது நடந்தால் மெசேஜ், கால் விவரம் எதையும் அழிக்க வேண்டாம். தேசிய உதவி எண் 1800-180-5522, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். கல்லூரிக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 விதிமுறைப்படி, ராகிங் குற்றமாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் வழக்குப் பதிய வைப்பது கல்லூரித் தலைமையின் கடமை. எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. சேரும்போது நீங்களும் அவனும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிடாமல், இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். எதெல்லாம் ராகிங் என்று அப்போதே அவனுக்குத் தெரிந்துவிடும். அடுத்த வருடம் அவனுக்கும் ஜூனியர்கள் வருவார்கள் என்பதையும் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.