பளபளப்பான கிளேஸைக் குறைந்த சூட்டில் சுட்டால் மேட் கிளேஸ் ஆகிவிடுமா?

மண்பாத்திரத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சுதான் கிளேஸ், சூளைச் சூட்டை அளக்கும் எண்தான் கோன். கோன் 6 கிளேஸை அதைவிடச் சூடு குறைந்த கோன் 4 அளவிலேயே நிறுத்தினால் பளபளப்பு அடங்கி அழகான மேட் பரப்பு வருகிறது, அதை உணவுத் தட்டுகளுக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன்படுத்தாதீர்கள். இதே வேலையைச் செய்து, விற்ற எழுபது பாத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டவள் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் ஓர் உணவகத்துக்கு நாற்பது தட்டுகளும் முப்பது கிண்ணங்களும் சாம்பல் கலந்த நீலத்தில் செய்து கொடுத்தேன். சூளையிலிருந்து எடுத்தபோது கூழாங்கல்லைத் தொடுவது போலிருந்த அந்தப் பரப்பைப் பார்த்து நானே மகிழ்ந்துபோனேன். ஐந்தாவது வாரம் உரிமையாளர் அழைத்து, “அக்கா, தட்டைக் கழுவக் கழுவ அழுக்காவே இருக்கு, ஒருதரம் வந்து பாருங்க” என்றார். போய்ப் பார்த்தால், ஸ்பூன் பட்ட இடமெல்லாம் பென்சிலால் கிறுக்கியது போன்ற சாம்பல் கோடுகள்; நடுவில் சாம்பாரின் மஞ்சள் இறங்கியிருந்தது; எலுமிச்சைத் துண்டு வைக்கும் ஓரத்தில் நீலம் வெளுத்து, காசு அளவுக்கு ஒரு வட்டம் தெரிந்தது. அந்த வட்டத்தில் கட்டைவிரலைத் தேய்த்தபோது சாக்பீஸைத் தொட்ட உணர்வு.

நான் செய்தது மேட் கிளேஸே அல்ல, முழுதாக உருகாத கிளேஸ் என்பது அப்போதுதான் புரிந்தது. உருகாத துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் பளபளப்பு இல்லாதது போல் தோன்றுமே தவிர, அடியில் கெட்டியான கண்ணாடி உருவாகியிருக்காது. அமிலம் அதைக் கரைக்கும், கறை உள்ளே இறங்கும். உண்மையான மேட் கிளேஸ் கோன் 6இல், அதாவது ஏறத்தாழ 1220 டிகிரி செல்சியஸில், முழுதாக உருகி, ஆறும்போது தன் பரப்பில் நுண்படிகங்களை வளர்த்துக்கொள்வது.

அதற்குச் சேர்மானத்தையே மாற்ற வேண்டும். உருக்கும் ஆக்சைடுகளின் கூட்டுத்தொகையை 1 என்று வைத்துக் கணக்கிடும் செகர் வாய்பாட்டில் என் பழைய கிளேஸைப் போட்டுப் பார்த்தபோது கண்ணாடியாக மாறும் சிலிக்கா 3.2, அதைக் கெட்டியாக்கும் அலுமினா 0.38, அதாவது இரண்டின் விகிதம் எட்டுக்கும் மேல் இருந்தது. அது பளபளக்கவே பிறந்த கிளேஸ். இந்த விகிதம் ஐந்துக்குக் கீழே இறங்கும்போது மேட் பகுதி தொடங்குவதை ஸ்டல் என்ற மட்பாண்ட ஆய்வாளர் 1912லேயே வரைபடமாகக் காட்டியிருக்கிறார். அவருடைய சோதனைகள் கோன் 11 சூட்டில் நடந்தவை என்று யாரேனும் மறுக்கலாம், அது சரிதான். ஆனால் உருகுவதற்குப் போதுமான போரானை ஃப்ரிட் (முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடித் தூள்) வழியாகச் சேர்த்தால் கோன் 6இலும் அந்தப் போக்கு மாறவில்லை என்பது கிளேஸ் பூசிச் சுட்டுப் பார்க்கும் சிறு மண் துண்டுகளான என் சோதனை வில்லைகளில் நான் கண்டது. சிலிக்கா தரும் குவார்ட்ஸ் தூளைக் குறைத்து, அலுமினா தரும் வெள்ளைக் களிமண்ணான சைனா கிளேயைக் கூட்டி, டால்க், டோலமைட் என்ற கனிமத் தூள்கள் வழியாக மக்னீசியத்தை 0.3க்குக் கொண்டுவந்து, போரானை 0.18இல் நிறுத்தினேன், விகிதம் 4.8 ஆனது. பேரியம் கார்பனேட் சேர்த்தாலும் அருமையான மேட் வரும், ஆனால் எலிமருந்தாகப் பயன்பட்ட அந்தப் பொருளை உணவுத் தட்டுக்காக நான் தொடுவதில்லை.

சைனா கிளே கூடியதும் புதுச் சிக்கல் வந்தது: பூசிய கிளேஸ் காயும்போதே வெடித்து, சூட்டில் சுருண்டு ஒதுங்கியது. அந்தச் சைனா கிளேயில் பாதியைத் தனியாகச் சுட்டுச் சேர்த்த பிறகே அது நின்றது. சுடும்போது ஏறத்தாழ 14 விழுக்காடு எடை போய்விடும் என்பதால், 100 கிராம் பச்சை மண்ணுக்குப் பதில் 86 கிராம் சுட்ட மண் போட வேண்டும்.

ஆறவிடுவதும் சேர்மானம் அளவுக்கே முக்கியம். ஒரே வாளியிலிருந்து பூசிய இரண்டு வில்லைகளில், சிறிய சோதனைச் சூளையில் மளமளவென்று ஆறியது ஈரம் பட்டது போல் மினுங்கியது. பெரிய சூளையில் 1100இலிருந்து 800 வரை மணிக்கு 70 டிகிரி வீதம் இறக்கியது முட்டை ஓடு போல் வந்தது. சூட்டைக் குறைப்பதில் காட்டும் அக்கறையை இந்த நான்கு மணி நேரத்தில் காட்டுங்கள்.

குறைவாகச் சுட்ட பரப்புக்கும் ஓர் அழகு உண்டு என்று சிற்பம் செய்பவர்கள் சொல்வார்கள். சுவரில் மாட்டும் பொருளுக்கு நானும் அதை ஏற்கிறேன். நான் ரசாயனப் பட்டதாரியும் அல்ல. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கிய இந்தப் புதுச்சேரியில், 1300 டிகிரியை ஒட்டிய சூட்டுக்கான மேட் குறிப்புகளே எனக்குக் கைமாறி வந்தன. அவற்றில் போரான் இல்லை, கோன் 6இல் அவை உருகவும் இல்லை. அதனால்தான் கணக்கைக் கற்றேன்.

அந்தக் கணக்கையும் பொய்யாக்குகிறவர்கள் மூலப்பொருள் விற்பவர்கள். கிளேஸை உருகவைக்கும் கனிமத் தூளின் மூட்டையில் ‘ஃபெல்ஸ்பார்’ என்ற ஒரு சொல்தான் இருக்கும். பொட்டாஷ் வகையா சோடா வகையா என்று கேட்டால் “எல்லாம் ஒண்ணுதாம்மா” என்பார்கள், பகுப்பாய்வுத் தாள் கேட்டால் கிடைக்காது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புது மூட்டையால் என் மேட் கிளேஸ் திடீரென்று பளபளத்து, ஒரு சூளை முழுவதும் வீணானது. இப்போதெல்லாம் எந்த மூட்டையைப் பிரித்தாலும் முதலில் ஒரு வில்லை சுட்டு, அதன்மேல் எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு கவிழ்த்து வைத்து, காலையில் ஸ்பூனால் கீறிப் பார்த்த பிறகே அந்தத் தூளை வாளியில் கொட்டுகிறேன்.