முதுமையில் மனிதத் தொடர்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் தந்தைக்கு 76 வயது. அம்மா மறைந்த பின் தனியாகவே வசிக்கிறார். "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்கிறார். அப்படியே நம்பலாமா?

பதில்: தனியாக வசிப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. தாம் விரும்பும் உறவுக்கும் தமக்குக் கிடைக்கும் உறவுக்கும் இடையே ஒருவர் உணரும் இடைவெளிதான் தனிமை உணர்வு. வீடு நிறைய ஆட்கள் இருந்தும் வாடுபவர்கள் உண்டு; தனியே வாழ்ந்தும் நிறைவாக இருப்பவர்கள் உண்டு. ஆகவே உங்கள் தந்தை சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும், அவருடைய சொல்லோடு அன்றாடப் பழக்கத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். ஒழுங்காகச் சமைத்துக்கொண்டிருந்தவர் சமைப்பதை விட்டுவிட்டாரா, பகலெல்லாம் படுத்திருக்கிறாரா, தொலைபேசியில் பேச்சை முடிக்க அவசரப்படுகிறாரா என்று பாருங்கள். இத்தகைய மாற்றம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதை வயதின் இயல்பு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வு முதுமையிலும் குணப்படுத்தக்கூடியதே.

கேள்வி: எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசிய அம்மா, இப்போது எந்த நிகழ்ச்சிக்கும் வர மறுக்கிறார். வந்தாலும் ஓரமாக உட்கார்ந்து வெறுமனே சிரிக்கிறார். ஏன்?

பதில்: அந்தச் சிரிப்பை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். முதலில் அவருடைய செவித்திறனைப் பரிசோதியுங்கள். முதுமையில் பெரும்பாலும் உயர் அதிர்வெண் கொண்ட கூர்மையான ஒலிகளே முதலில் மங்குகின்றன. அதனால் உயிரொலி கேட்கும், மெய்யொலி தெளியாது. 'கல்' என்றார்களா 'பல்' என்றார்களா என்று அவர் ஊகிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. திரும்பத் திரும்ப "என்ன?" என்று கேட்கக் கூச்சப்பட்டுச் சிரித்துச் சமாளிப்பவர், நாளடைவில் வருவதையே நிறுத்திவிடுகிறார். குடும்பத்தாரோ அவருக்கு ஆர்வம் குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. ஏனெனில், மறதிநோய் குறித்து 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மாற்றியமைக்கக்கூடிய 14 அபாயக் காரணிகளில் செவித்திறன் குறைபாடும் சமூகத் தொடர்பின்மையும் இரண்டுமே இடம்பெற்றுள்ளன.

காதுக் கருவி பொருத்திய முதல் நாளே எல்லாம் சரியாகிவிடாது. புதிய ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், பொறுமையிழந்து அதை மேசைக்குள் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேசும்போது கத்தாதீர்கள், முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே அமர்ந்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, நிதானமாகப் பேசுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து தினமும் காணொளியில் பெற்றோருடன் பேசுகிறேன். அது போதுமா?

பதில்: அது நல்ல வழக்கம், தொடருங்கள். ஆனால் அவர்களில் ஒருவர் கீழே விழுந்தால் ஓடி வரவும், இரண்டு நாள் வெளியே காணவில்லையே என்று கதவைத் தட்டவும் அருகில் ஒருவர் வேண்டும். பக்கத்து வீட்டாரின் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கிறதா?

கேள்வி: ஓய்வு பெற்ற பின் முதியோர் மன்றம் ஒன்றில் சேர்ந்தேன். மூன்று மாதமாகியும் அந்நியனாகவே உணர்கிறேன். குறை என்னிடமா?

பதில்: இல்லை. பல மன்றங்கள் முதியவர்களை வரிசையாக உட்காரவைத்து நிகழ்ச்சி காட்டி அனுப்பிவிடுகின்றன. பக்கத்து நாற்காலிக்காரரின் பெயரைக்கூட அறியாமல் திரும்ப வேண்டியிருக்கிறது. நட்பு வளர, அதே சிலரை அடிக்கடி சந்திக்கவேண்டும். சேர்ந்து செய்ய ஒரு வேலையும் இருக்கவேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 'எக்ஸ்பீரியன்ஸ் கோர்' என்ற திட்டத்தின்கீழ், 60 வயது கடந்தவர்கள் வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு வாசிப்பில் உதவினார்கள். தமக்காகக் காத்திருக்கும் குழந்தைகள் இருந்ததால், அந்த முதியவர்களுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு காரணம் இருந்தது.

நீங்களும் சிறிய பொறுப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வருகைப் பதிவேட்டை எழுதுவதாக இருக்கலாம், அறையின் சாவியை வைத்திருப்பதாக இருக்கலாம். சாவி உங்களிடம் இருக்கும்போது, நீங்கள் வராத நாளில் யாரேனும் கட்டாயம் தொலைபேசியில் அழைப்பார்கள்.